ஐந்து ரூபாய்ச் சமதர்மம்

தமிழ்நாட்டுப் பணக்காரர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். தலைமுறை தலைமுறையாக அவர்கள் தனியுடைமையாக வைத்திருந்த இன்னொரு சொத்தும் கைவிட்டுப் போகிறது. நிலத்துக்கு உச்சவரம்புச் சட்டம் வந்தபோதாவது பினாமி என்று ஒரு வழி இருந்தது. பிள்ளையின் தொப்பையைச் சமையற்காரர் பெயரில் எழுதிவைக்க முடியாது.

குழந்தைக்குச் சதை பிடித்திருந்தால் அந்த வீட்டுக் குதிரில் நெல் இருக்கிறது என்று ஊர் புரிந்துகொண்ட காலம் ஒன்று இருந்தது. ஆஸ்தி அந்தஸ்து விசாரிக்க வேண்டியதில்லை. கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தால் போதும். கொழுகொழு பிள்ளையை ‘அமுல் பேபி’ என்று கொஞ்சினார்கள். வயிறு முன்னே வந்த பையனைப் பார்த்து ‘பெரிய வீட்டுப் பிள்ளை’ என்று மளிகைக்கடைக்காரர் எழுந்து நின்றார். குடிசை வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததெல்லாம் ‘நோஞ்சான்’, ‘ஒட்டடைக்குச்சி’ வகைப் பட்டங்கள்தான்.

வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, கணக்கு இருக்கிறது. சென்னையில் 51 பள்ளிகளில் ஏறக்குறைய 19 ஆயிரம் பிள்ளைகளை அளந்துபார்த்து, மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் மருத்துவர்கள் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சர்வதேச அளவுகோலின்படி, தனியார் பள்ளிப் பிள்ளைகளில் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் 21.4 சதவீதம். அரசுப் பள்ளிகளில் 3.6 சதவீதம். கிட்டத்தட்ட ஆறு மடங்கு வித்தியாசம். சமூகநீதி பேசும் மண்ணில் இப்படியோர் ஏற்றத்தாழ்வா? இதைக் கண்டித்து யாரும் ஊர்வலம் போகவில்லை. யாரும் உண்ணாவிரதம் இருக்கவில்லை (இருந்திருந்தால் நோக்கமே கெட்டுப்போயிருக்கும்). ஆனாலும் குறை தீர்ந்துவருகிறது. தீர்த்துவைப்பவர்கள் எந்தக் கட்சியும் அல்ல, எந்த இயக்கமும் அல்ல. நொறுக்குத்தீனிப் பாக்கெட் கம்பெனிகள். அவர்களுடைய தேர்தல் அறிக்கையில் ஒரே ஒரு வாக்குறுதிதான்: எல்லாம் ஐந்து ரூபாய்.

அந்தப் புரட்சிக்கு வருவதற்கு முன், பழைய உடைமைக்காரர்களுக்கு ஒரு நடை போய் மரியாதை செலுத்திவிடுவோம்.

பிள்ளையைக் குண்டாக்குவது சாதாரணக் காரியம் இல்லை. அதற்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு வேன் வரும். வேனில் உட்கார வேண்டும். பள்ளியில் உட்கார வேண்டும். மாலை மறுபடி வேன். வந்ததும் டியூஷன், அங்கேயும் உட்கார வேண்டும். ஆறாம் வகுப்பிலேயே ‘நீட் ஃபவுண்டேஷன்’ தொடங்கிவிடுகிறார்கள். சனி ஞாயிறு அங்கே போய் உட்கார வேண்டும். பள்ளி என்றால் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும் என்று 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். ஆய்வுக்கு வரும் அதிகாரிக்கு மைதானம் என்று காட்டப்படும் இடத்தில் மற்ற நாள்களில் வேன்கள் நிற்கின்றன. மிச்சமிருக்கும் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் அசோசியேஷன் பலகை: ‘இங்கு பந்து விளையாடக் கூடாது.’ நாயை நடத்திக் கூட்டிப்போக நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள், பையனுக்கு ஒதுக்கவில்லை. நாய்க்கு நடை அவசியம் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார் அல்லவா?

கூடவே பாலில் கலக்கும் பானம். ஒரு கரண்டி போட்டால் உயரமாக வளர்வான், இரண்டு கரண்டி போட்டால் மார்க்கு வாங்குவான் என்று டிவி சொன்னதை நம்பி நம் வீட்டுப் பெண்கள் தலைமுறைக் கணக்காகக் கலக்கினார்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் ஆன்லைன் கடைகளுக்கு ஒரு கடிதம் எழுதியது: போர்ன்விடா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வரிசையிலிருந்து எடுத்துவிடுங்கள், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியோர் இனமே கிடையாது. கிடையாது என்பது அமைச்சகத்துக்கு அந்த வருடம்தான் தெரியவந்தது போலும். அதற்கு முந்தைய வருடம், அந்த டப்பாவில் சர்க்கரை எவ்வளவு என்று ஓர் இளைஞர் வீடியோ போட்டார். அவருக்குக் கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. சர்க்கரை என்று வாய்விட்டுச் சொன்னதுதான் குற்றம்.

இவ்வளவு செலவு செய்து ஏற்றிய எடையை இறக்கவும் கடை திறந்திருக்கிறது. குழந்தைகளுக்கான எடைக்குறைப்பு கிளினிக், நீச்சல் கோச்சிங், டயட்டீஷியன், வெள்ளை அரிசிக்குப் பதில் குதிரைவாலி. பள்ளியில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்குகிறார்கள். இரண்டு கவுன்டரிலும் ரசீது தருகிறார்கள். பணம் உள்ள வீட்டில் இந்தப் பாதை இரு வழிப் பாதை. ஏறியவன் இறங்கலாம்.

இனி, ஏறுவதற்கு மட்டும் வழி உள்ள இடத்துக்கு வருவோம்.

சென்னையில் கூவக்கரை, அடையாற்றங்கரைக் குடிசைகளைப் பிரித்து, மனிதர்களை லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் இறக்கினார்கள். பழைய தெருமுனையில் கீரைக்காரம்மா இருந்தார், மீன்காரம்மா இருந்தார், அரைக் கிலோ காயைக் கடனுக்குக் கொடுக்கிற கடைக்காரர் இருந்தார். அவர்களை லாரியில் ஏற்ற எந்த அரசாணையும் போடவில்லை. புதிய இடத்துக்குக் குடிவந்தவர்களுக்கு முன்னால் வந்து காத்திருந்தது பெட்டிக்கடை. அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாசல் கடையைப் பார்த்தேன். கூரையிலிருந்து தரைவரை சரம் சரமாகப் பாக்கெட்டுகள்: ஆரஞ்சு, பச்சை, சிவப்பு, நீலம். கல்யாண வீட்டுத் தோரணம் தோற்றுப்போகும். ஒவ்வொரு பாக்கெட்டிலும் காற்று முக்கால், கிழங்கு கால். மாலை மணி அடித்ததும் கடைக்காரரின் தலை தெரியவில்லை. பொடிக் கைகள்தான் தெரிந்தன. “அண்ணாச்சி எனக்கு… அண்ணாச்சி எனக்கு…”

கூட்டம் கலைந்த பிறகு, “ஏன் அண்ணாச்சி, ரெண்டு தார் வாழைப்பழம் கட்டித் தொங்கவிட்டா என்ன?” என்று கேட்டேன்.

“பழம் ரெண்டு நாளில கறுத்துப்போயிரும் சார். கறுத்ததை எவன் வாங்குவான்? முட்டை வச்சேன், ஒண்ணு உடைஞ்சா அன்னிக்கு லாபம் அத்தோட போச்சு. பாக்கெட் அப்படியா? மாசக்கணக்குல தொங்கும். லைன்காரன் வண்டியில வந்து வச்சிட்டுப் போறான், டேட் முடிஞ்சா அவனே எடுத்துக்கறான். இந்த ஸ்டாண்டு கம்பெனிக்காரன் குடுத்தது, அந்த ஃப்ரிட்ஜும் கம்பெனிக்காரன் குடுத்தது. வாழைக்கா மண்டியில எவன் சார் ஃப்ரிட்ஜ் குடுக்கான்?”

பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் எழுதாத அத்தியாயம் இது. முருங்கைக்கீரைக்கு விளம்பரத் தூதர் இல்லை. கொய்யாப்பழத்துக்கு லைன் வண்டி இல்லை. கெட்டுப்போகிற குணம் இருப்பதால் நல்ல உணவு தோற்கிறது. கெடவே கெடாத ஒன்று ஜெயிக்கிறது. கடைக்காரர்மீது எனக்குக் கோபமில்லை. அவருக்கும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கோபம் வேறிடத்தில். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் விதி போட்டிருக்கிறது. நான் சொன்ன கடையின் தூரத்தை அளக்க டேப் வேண்டியதில்லை. பையன் பள்ளிக் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டினால் பாக்கெட் கைக்கு வருகிறது. ஆனால் விதி இருக்கிறது. டெல்லியில், ஒரு கோப்பில், மிகப் பத்திரமாக இருக்கிறது.

கடை முன்னால் நீண்ட அந்தப் பொடிக் கைகளில் ஒரு கையின் பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை புரியும். பையனின் அம்மா ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங். பொழுது விடியும் முன் கிளம்ப வேண்டும். மாலை திரும்ப இருட்டிவிடும். அவள் துடைக்கிற மாடியில் ஊழியர்களுக்கு இலவச ஜிம் இருக்கிறது. அதன் கண்ணாடியையும் அவள்தான் துடைக்கிறாள். பள்ளி விட்டு வரும் பையனுக்கு வீட்டில் ஆளில்லை. காலையில் வடித்த சோறு இருக்கிறது, ரசம் இருக்கலாம். அதனால் பத்து ரூபாய். பத்து ரூபாயில் ஒரு வாழைப்பழம் வரும், சில்லறை மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். அல்லது இரண்டு பாக்கெட் வரும். மொறுமொறுப்பு வரும், மசாலா வரும், நாக்கில் சிவப்புச் சாயம் வரும், நண்பனோடு பகிர்ந்து தின்கிற பெருமை வரும். டிவியில் கிரிக்கெட் வீரர் தின்கிற அதே பாக்கெட். ஷாப்பிங் மாலில் காரிலிருந்து இறங்குகிற பையன் கையில் உள்ள அதே பாக்கெட். பணக்கார வீட்டுப் பையனுக்குச் சமமாக இந்தப் பையனுக்கு இந்த நாட்டில் கிடைப்பது அது ஒன்றுதான். பள்ளிக்கூடம் சமமாக இல்லை, ஆஸ்பத்திரி சமமாக இல்லை, குடிதண்ணீர் சமமாக இல்லை. சிப்ஸ் சமமாக இருக்கிறது. அதையும் வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறீர்களா அவன் அம்மாவை?

அவள் நாள் முழுவதும் ‘இல்லை’ சொல்லிக்கொண்டிருப்பவள். சைக்கிள் இல்லை, டூருக்குப் பணம் இல்லை, தீபாவளிக்கு இரண்டாவது சட்டை இல்லை. ‘சரி, வாங்கிக்கோ’ என்று அவளால் சொல்ல முடிகிற தொகை ஐந்து ரூபாய். தாய்ப்பாசத்தின் விலையை இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்து அச்சிட்டு வைத்திருக்கிற கம்பெனிக்காரனை மனோதத்துவ மேதை என்றுதான் சொல்ல வேண்டும்.

நகரம்தான் கெட்டுப்போயிற்று, கிராமத்தில் கம்பும் கேழ்வரகும் தின்கிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2022-23 தேசியக் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்து வீடுகள் தங்கள் மொத்தச் செலவில் 9.62 சதவீதத்தைப் பானங்களுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் பதப்படுத்திய உணவுக்கும் கொடுக்கின்றன. நகரத்தில் 10.64. இதில் டீக்கடை டீயும் அடக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் காய்கறிக்குக் கிராமம் செலவழிப்பது 5.38 சதவீதம். காய் விளைகிற இடத்தில் இது நிலைமை. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே சாலை, பஸ், டாக்டர் எதிலும் குறையாத இடைவெளி பாக்கெட்டில் குறைந்துவிட்டது.

இங்கே அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். திட்டுவதிலும் ஒரு நேர்மை வேண்டும். 1956-ல் காமராஜர் விரித்த மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். பெருக்கிய சத்துணவும், பிறகு வந்த முட்டையும் இந்த மாநிலத்தில் பல லட்சம் பிள்ளைகளின் எலும்பைக் காப்பாற்றியிருக்கின்றன. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அதே வழியில் வந்த நல்ல காரியம். 1 முதல் 5-ம் வகுப்பு வரை என்று அதைத் தொடங்கினார்கள். ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்ததும் பசியும் பாஸாகிப் போய்விடும் என்று எந்தக் கணிதமேதை சொன்னாரோ தெரியாது. பள்ளி மணி அடித்த பிறகு வருகிற பசி அரசின் கணக்கிலேயே இல்லை. அது அண்ணாச்சி கணக்கு. ரேஷன் கடையிலோ அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை உண்டு, துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், வந்தால். அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் கேட்டால் அள்ளித் தருவோம். காயும் பழமும் கேட்டால் சந்தைக்குப் போ. பட்டினிச் சாவைத் தடுக்க வகுத்த ஏற்பாடு அது, அந்த வேலையைச் செய்தும் காட்டியது. அதற்குப் பிறகு வேறு வேலை வந்திருக்கிறது என்பதைத்தான் யாரும் கவனிக்கவில்லை.

புனேயில் சித்தரஞ்சன் யாக்னிக் என்ற மருத்துவர் பல ஆண்டுகளாக ஒரு விஷயத்தைச் சொல்லிவருகிறார். நம் ஊர்க் குழந்தை பிறக்கும்போது வெள்ளைக்காரக் குழந்தையைவிட எடை குறைவு. ஆனால் அந்தச் சின்ன உடம்பில் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பீட்டளவில் அதிகமாகவும் இருக்கிறது. கர்ப்பத்தில் சத்தில்லாமல் கிடந்த உடம்பு, வெளியிலும் பஞ்சம்தான் என்று எண்ணிக் கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமிக்கக் கற்றுக்கொண்டு வருகிறது. வெளியே வந்தால் பஞ்சம் இல்லை, பாக்கெட் இருக்கிறது. பாட்டி பட்ட பட்டினியும் பேரன் தின்கிற பாமாயிலும் ஒரே வயிற்றில் சந்தித்துக்கொள்கின்றன. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே ஆய்வில் பெண்களில் 40.4 சதவீதம் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். குட்டையான பிள்ளையும் பருத்த தாயும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். டிவி விவாதங்களில் அந்தத் துணிச்சலுக்குப் பஞ்சமில்லை.

ஏழைப் பிள்ளை ஒல்லியாக இருந்தபோது குறைந்தபட்சம் பரிதாபம் மிஞ்சியது; போட்டோ எடுத்துப் போட்டு நன்கொடையாவது வாங்கினார்கள். பருத்த பிறகு அதுவும் போயிற்று. “சோத்துக்கே வழியில்லன்னு சொன்னாங்க, இவனைப் பாருங்க” என்று சிரிக்கிறார்கள். “இலவசமா குடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டாங்க” என்கிறார் வாக்கிங் போய் வந்து ஹோட்டலில் நெய் ரோஸ்ட் சாப்பிடுகிற பெரியவர். அந்தப் பையனின் உடம்பே இப்போது அவனுக்கு எதிரான சாட்சி. வறுமை பொய் என்பதற்கு அவன் தொப்பை ஆதாரம். சத்துணவை நிறுத்தலாம் என்பதற்கும் ஆதாரம். அதே தொப்பை கார் வீட்டுப் பையனுக்கு இருந்தால் அது ‘ஹார்மோன் பிராப்ளம்’.

இந்த நிலையில்தான் அறிவுரைகள் பொழியத் தொடங்கின. 2025 பிப்ரவரியில் பிரதமர் வானொலியில் பேசினார்: சமையல் எண்ணெயை மாதம் 10 சதவீதம் குறைத்து வாங்குங்கள். பருமனுக்கு எதிரான இயக்கத்துக்கு நடிகர்கள், தொழிலதிபர்கள், விளையாட்டு வீரர்கள் என்று பத்துப் பிரபலங்களையும் நியமித்தார். கண்ணகி நகர் அம்மாவும் தேசபக்தியில் குறைந்தவள் அல்ல. ரேஷனில் வாங்கும் ஒரு லிட்டர் பாமாயிலில் 100 மில்லியைத் தியாகம் செய்துவிடலாம். மிச்சமாகும் இரண்டரை ரூபாயில் பையனுக்கு அரைப் பாக்கெட். அடுத்து, மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் ‘சர்க்கரைப் பலகை’ வைக்கச் சொன்னது: எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று எழுதி மாட்ட வேண்டும். சர்க்கரையை இருக்கும் இடத்திலேயே விடு, பலகையைப் பள்ளியில் மாட்டு. எட்டு வயதுப் பிள்ளை பாடத்தோடு சேர்த்து அதையும் படித்துக்கொள்ளட்டும். டப்பாவின் முன்பக்கத்தில் எழுதச் சொன்னால் கம்பெனிக்காரர் மனம் நோகும் அல்லவா?

அந்த மனம் நோகக் கூடாது என்பதில் டெல்லி காட்டும் அக்கறையைத் தாயிடம்கூடப் பார்க்க முடியாது. சிலி நாட்டில் 2016-லிருந்து, சர்க்கரையோ உப்போ கொழுப்போ எல்லை மீறினால் பாக்கெட்டின் நெற்றியில் கறுப்பு எண்கோண முத்திரை. முத்திரை வாங்கிய பண்டத்தில் குழந்தைகளைக் கவரும் பொம்மைப் படம் போடக் கூடாது. சோளச் செதில் டப்பாவில் இருந்த கார்ட்டூன் புலியையே இறக்கிவிட்டார்கள். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் ஒரு வரைவு கொண்டுவந்தது. எச்சரிக்கை முத்திரை இல்லை, நட்சத்திரம்! ஐந்து நட்சத்திரம் சிறந்தது. ஆக மோசமானதற்கும் அரை நட்சத்திரம் உறுதி. கடைசி பெஞ்சுக்கும் மெடல் கொடுக்கும் பெருந்தன்மை. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை வேண்டும் என்று கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரலில் நீதிமன்றம் நிபுணர் குழுவுக்கு மூன்று மாதம் கெடு விதித்தது. ஜூலையில் இன்னும் மூன்று மாதம் கேட்டு வாங்கினார்கள். அந்த ஆறு மாதத்தில் ஒரு கைக்குழந்தை தாய்ப்பாலிலிருந்து டப்பா மாவுக்கு வந்துவிடும். அந்த டப்பா மாவையும் விட்டுவைக்கவில்லை: 2024-ல் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு, இந்தியாவில் விற்கும் செரலாக்கில் சர்க்கரை சேர்த்திருப்பதையும், ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே கம்பெனி சர்க்கரை சேர்க்காமல் விற்பதையும் வெளியிட்டது. ஐந்து ஆண்டுகளில் 30 சதவீதம்வரை குறைத்துவிட்டோமே என்றது கம்பெனி. அங்கே பூஜ்யம், இங்கே தவணைமுறை.

இதற்கெல்லாம் மகுடம் 2025 செப்டம்பர் 22. அந்த ஜனவரியில் மத்திய அரசின் சொந்தப் பொருளாதார ஆய்வறிக்கை, மிகையாகப் பதப்படுத்திய உணவுகளுக்குச் சுகாதார வரி போடுவதைப் பரிசீலிக்கலாம் என்று எழுதியிருந்தது. பரிசீலித்தார்கள். செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், பாக்கெட் நொறுக்கு, ஐஸ்கிரீம் எல்லாவற்றின் ஜி.எஸ்.டி.யும் 5 சதவீதமாக இறங்கியது. குளிர்பானத்துக்கு 40 சதவீதம் போட்டார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. மற்றதெல்லாம் ‘சேமிப்புத் திருவிழா’ என்று கொண்டாடப்பட்டது. பிப்ரவரியில் எண்ணெயைக் குறை என்றார்கள். செப்டம்பரில் எண்ணெயில் பொரித்ததன் விலையைக் குறைத்தார்கள். ஒரே வாய், இரண்டு நாக்கு. ஐந்து ரூபாய்ப் பாக்கெட் ஐந்து ரூபாயாகவே இருக்கும். உள்ளே இரண்டு வில்லை கூடும்.

இந்தப் படம் எங்கே போய் முடியும் என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்கெனவே ஓடி முடிந்த ஊர்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2006 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு கட்டங்களில், அதாவது பள்ளியில் சேர்கிற நாலைந்து வயதிலும், தொடக்கப் பள்ளி முடிகிற பத்துப் பதினோரு வயதிலும், எடை போடுகிறார்கள். 2022-23 கணக்கில், வறுமை மிகுந்த பகுதிகளின் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளில் 30.2 சதவீதம் பேருக்குப் பருமன். வசதி மிகுந்த பகுதிகளில் 13.1. சென்னைக் கணக்கு அங்கே தலைகீழாக நிற்கிறது. ஏழை நாட்டில் பணக்காரனுக்குச் சதை, பணக்கார நாட்டில் ஏழைக்குச் சதை என்ற இந்தப் போக்கைச் சோபல், ஸ்டங்கார்ட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 144 ஆய்வுகளைத் தொகுத்து, குறிப்பாகப் பெண்களைப் பற்றி, 1989-லேயே எழுதிவைத்தார்கள். நமக்குத் தகவல் வரவில்லை என்று சொல்ல முடியாது. நம் ஊர்ப் பணக்காரர்கள் முந்திக்கொண்டு இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். கம்பங்கூழும் ராகிக்களியும் நட்சத்திர ஓட்டல் மெனுவில் ஏறிவிட்டன. கூழ் குடித்தவனின் பேரனுக்கு மைதாவும் பாமாயிலும். அந்தக் கூழ் அவன் வாங்க முடியாத விலையில்.

இங்கிலாந்துக்காரன் கெடுத்தாலும் அளந்து, எந்தப் பேட்டையில் எத்தனை சதவீதம் என்று வருடாவருடம் வெளியிடுகிறான். இங்கேயும் அளக்கும் மரபு உண்டு. ரேங்க் கார்டில் மார்க்குக்குக் கீழே ‘உயரம்’, ‘எடை’ என்று இரண்டு கட்டம் போட்டிருக்கும். எடை மெஷினில் பேட்டரி இருந்தால் எடை. இல்லையென்றால் போன வருடத்து எண்ணோடு இரண்டு கிலோ கூட்டி எழுதப்படும். அந்த எண்ணைப் பார்த்து எந்த அதிகாரியும் எந்தக் கம்பெனிக்கும் ஓலை அனுப்பியதில்லை. கார்டின் அடியில் கையெழுத்துக்கு இடம் இருக்கிறது. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், பெற்றோர். ஐந்து ரூபாய் விலையை அச்சடித்தவர், 5 சதவீத வரி போட்டவர், 50 மீட்டர் விதியைப் பூட்டிவைத்தவர், நட்சத்திரத்துக்கு வாய்தா வாங்கியவர் யாருக்கும் அங்கே கோடு கிழித்திருக்கவில்லை. பள்ளி விழாவில் பேச வரும் விருந்தினர், கீழே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பார்: “பிள்ளை என்ன சாப்பிடறான்னு வீட்டுல பாக்க மாட்டீங்களாம்மா?” விழாவுக்கு ஸ்பான்சர் பிஸ்கட் கம்பெனி. பேச்சு முடிந்ததும் ஆளுக்கொரு பாக்கெட் இலவசம்.